பம்பாய்க்குப் போன பம்ப்செட் போட்டோகிராபர்

ஞாயிறு, ரயிலில்

குண்டக்கல் தாண்டியாயிற்று. கோவை–குர்லா எக்ஸ்பிரஸில் என் பர்த்துக்கு அடியில் ஸ்ட்ரோப் எனப்படும் ஃபிளாஷ் லைட்டுகள், ஸ்டாண்டுகள், வெளிச்சத்தை மென்மையாக்கும் மடக்கிய சாஃப்ட்பாக்ஸ், ஒரு ரோல் டிரேசிங் பேப்பர். எதிர் சீட்டு அம்மா வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கல்யாண வேலையாப்பா?" என்று கேட்டார். "இல்லைங்கம்மா, பாத்திரம் போட்டோ எடுக்கப் போறேன்" என்றேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

விமானத்தில் போயிருக்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். லைட் பேட்டரிகள்தான் சிக்கல். லித்தியம் பேட்டரி 100 வாட்-மணிக்குள் இருந்தால் கைப்பையில் கொண்டுபோகலாம். அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அதையும் தாண்டினால் பயணியாக எடுத்துப்போகவே முடியாது. ஸ்டாண்டுகளுக்கு எடைக்கூலி வேறு. ரயிலில் இந்த விசாரணை எதுவும் இல்லை, சங்கிலியும் பூட்டும் போதும்.

கோவையில் என் பிழைப்பு பம்ப்செட், வெட் கிரைண்டர், மோட்டார். கேட்லாக்கில் நீங்கள் பார்க்கும் அந்தப் பளபள படங்கள். கமர்ஷியல் போட்டோகிராபி என்றால் ஒரு பொருளை விற்பதற்காக எடுக்கும் படம், அவ்வளவுதான். கல்யாணம் எடுப்பதில்லை என்று சொன்னால் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் நம்புவதில்லை. இரும்பையும் ஸ்டீலையும் எடுத்துப் பழகிய கை என்பதால்தான் அந்தேரியில் ஒரு விளம்பர ஏஜென்சி கூப்பிட்டிருக்கிறது. எவர்சில்வர் பாத்திரங்கள். தீபாவளிக்கு முந்தைய தன்தேரஸ் அன்று அந்தப் பக்கத்தில் பாத்திரம் வாங்குவது வழக்கம். அதற்கான விளம்பரத்தை ஜூலையில் எடுத்தால்தான் அச்சு, பேக்கிங், ஆன்லைன் எல்லாம் நேரத்துக்கு ஓடும். அப்படியே தாராவியில் தோல் பை செய்யும் ஒரு திருநெல்வேலிக்காரருக்கும் இரண்டு நாள் வேலை.

ஸ்டேஷன் வரும்போது மட்டும் சிக்னல் கிடைக்கிறது. ஒப்பந்த பிடிஎஃப் அப்படித்தான் தவணை முறையில் இறங்கியது. அதில் ஒரு வரி: எல்லா உரிமையும், எல்லா ஊடகத்திலும், என்றென்றைக்கும். தொழிலில் இதை பைஅவுட் என்கிறார்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி படம் எடுத்தவரே பொதுவாக உரிமையாளர். ஆனால் அதே பிரிவில் விதிவிலக்கும் இருக்கிறது. ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதாவது கமர்ஷியல் வேலையில் காகிதம் இல்லை என்றால் படம் நம்முடையது இல்லை. 'நான்தானே எடுத்தேன்' என்று பிறகு சண்டை போட்டுப் பயனில்லை. வாய் திறக்க வேண்டிய நேரம் ஷூட்டுக்கு முன்னால்தான்.

பதில் எழுதிவிட்டேன். உரிமை என்னிடம் இருக்கும், இணையதளத்திலும் சமூக ஊடகத்திலும் ஒரு வருடம் பயன்படுத்தலாம், ஹோர்டிங்குக்கும் பேக்கிங் அட்டைக்கும் தனி விலை. மெயில் அவுட்பாக்ஸில் சுற்றிக்கொண்டிருக்கிறது. வாடி ஸ்டேஷனில் சிக்னல் கிடைக்கும் என்று டிடிஆர் நம்பிக்கை சொல்கிறார்.

திங்கள், செம்பூர்

லோனாவ்லா தாண்டி மலையிறக்கத்தில் எல்லோரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். பாறைக்குப் பாறை அருவி. போனை எடுக்காத ஆள் நான் ஒருவன்தான். சம்பளமில்லாமல் படம் எடுக்கக் கூடாது என்ற கொள்கை எல்லாம் இல்லை, பேட்டரி தீர்ந்துவிட்டது.

குர்லா டெர்மினஸிலிருந்து செம்பூர் கூப்பிடு தூரம். இந்தச் சாமானோடு லோக்கல் ரயிலை நினைத்துப் பார்க்கவே முடியாது, ஆட்டோ பிடித்தேன். மாமா வீடு. மாமா எழுபதுகளில் சுத்திகரிப்பு ஆலை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மொட்டை மாடியிலிருந்து மாஹுல் பக்கத்துப் புகைபோக்கிகள் தெரிகின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மித்தர் பேடி ஞாபகம்தான் வரும். 1926இல் பிறந்து 1985இல் மறைந்த பம்பாய் போட்டோகிராபர். விளம்பரத்துக்கும் ஆண்டறிக்கைக்கும் எடுத்த ஆலைப் படங்களை இன்றைக்குக் கண்காட்சியில் மாட்டி வைத்துப் பார்க்கிறார்கள். குழாய்களையும் கொதிகலன்களையும் அப்படி ஒரு மரியாதையோடு எடுத்தவர் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. பம்ப்செட் எடுப்பவனுக்கு அவர்தான் குலசாமி.

அத்தை போட்ட ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு ஏஜென்சியோடு போனில் பேரம். "பைஅவுட்தான் சார் ஸ்டாண்டர்ட், எல்லாரும் கொடுக்கிறாங்க" என்றது ஒரு இளம் குரல். செம்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், அதனால் பேரம் தமிழிலேயே நடந்தது, நல்ல வேகத்தில். கடைசியில் ஒரு வருடத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். ஹோர்டிங் தேவைப்பட்டால் அப்போது பேசலாம் என்றார்கள். முன்பணம் பாதி கேட்டேன், முப்பது சதவீதத்தில் நின்றுவிட்டார்கள்.

மீதியை எப்போது கொடுப்பார்கள் என்பதில்தான் இழுபறி. இன்வாய்ஸ் வந்து தொண்ணூறு நாள் என்றார்கள். என் உத்யம் பதிவு எண்ணை, அதாவது சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவின் எண்ணை, அனுப்பினேன். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி. இந்த வட்டியைக் கேட்டு வாங்கிய ஃப்ரீலான்சரை நான் பார்த்ததில்லை. கேட்டால் அடுத்த வேலை வராது. ஆனால் 2023 நிதிச் சட்டத்தில் வருமான வரிக்காக ஒன்று சேர்த்தார்கள். குறித்த நாளுக்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கணக்கில் காட்ட முடியாது, கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். அதிலிருந்து அக்கவுண்ட்ஸ் ஆட்கள் நம் உத்யம் எண்ணை அவர்களாகவே கேட்கிறார்கள். நியாயம் பேசி நடக்காதது வரி பேசி நடக்கிறது.

தொண்ணூறு நாற்பத்தைந்தானது.

செவ்வாய், அந்தேரி

காலையிலேயே மழை. காட்கோபர் வரை ஆட்டோ, அங்கிருந்து மெட்ரோ. சாமான்களை நேற்றே டெம்போவில் அனுப்பிவிட்டதால் கையில் கேமரா பை மட்டும். ஸ்டுடியோ அந்தேரி மேற்கில் ஒரு சந்துக்குள். மேலே சிமென்ட் ஷீட். மழை வலுத்தால் பேசுவது காதில் விழாது. ஏசியில் குளிர்ந்த கேமராவை வெளியே ஈரக் காற்றுக்குக் கொண்டுவரும்போது பையை உடனே திறக்கக் கூடாது, லென்ஸில் ஆவி படிந்துவிடும். பையோடு அரை மணி நேரம் வைத்திருந்தேன். அதற்குள் ஸ்பாட் பாய் இரண்டு முறை டீ கொடுத்துவிட்டார்.

லைட் அசிஸ்டென்ட் தாராவியில் பிறந்த தமிழ்ப்பையன். அவன் தமிழில் மூன்றில் ஒரு வார்த்தை ஹிந்தி. "டென்ஷன் மத் லோ அண்ணா, நான் இருக்கேன்ல" என்றான். உண்மையிலேயே இருந்தான்.

பாலிஷ் போட்ட எவர்சில்வருக்குச் சொந்த நிறம் கிடையாது. எதிரில் இருப்பதைக் காட்டும், அவ்வளவுதான். முதல் பாத்திரம் வயிறு பருத்த ஒரு குடம். அதில் ஜன்னல் தெரிந்தது, ஏசி தெரிந்தது, பாத்திரக் கம்பெனிக்காரரின் மஞ்சள் குர்தா தெரிந்தது, முக்காலிக்குப் பின்னால் குனிந்து நிற்கும் நானும் தெரிந்தேன். இதற்காகத்தான் நான் ஷூட்டுக்குக் கறுப்புச் சட்டை போடுவது. கம்பெனிக்காரரைத் தூரத்து நாற்காலியில் உட்கார வைத்தோம்.

டிரேசிங் பேப்பரைக் குடத்தைச் சுற்றி வளையமாகத் தொங்கவிட்டு, லைட்டுகளை வெளியிலிருந்து அடித்தோம். பேப்பரில் லென்ஸ் அளவுக்கு ஓர் ஓட்டை. இப்போது குடம் எங்கும் வெள்ளை. ஆனால் பார்த்தால் எவர்சில்வராகத் தெரியவில்லை, வெள்ளைப் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக். ஸ்டீல் ஸ்டீலாகத் தெரிய அதில் கறுப்பு வேண்டும். கறுப்பு சார்ட் பேப்பரை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, வளையத்துக்குள்ளே இருபுறமும் ஒட்டினோம். குடத்தின் ஓரத்தில் கறுப்புக் கோடு விழுந்து உருவம் எழுந்து நின்றது. பட்டையை அரை அங்குலம் நகர்த்தினால் கோடு வயிற்றுப் பக்கம் ஓடிவிடும். பையன் நகர்த்த, நான் லேப்டாப்பில் பார்த்து "இன்னும் கொஞ்சம், போதும், ஐயோ பின்னாடி போ" என்று கத்த, இந்த ஒரு குடத்துக்கே காலைப் பொழுது போயிற்று. கைரேகை விழாமல் இருக்க இருவருக்கும் கையுறை. அப்படியும் கழுத்து மடிப்பில் ஒரு ரேகை. அது பாலிஷ் போட்ட தொழிலாளியுடையது என்று நினைக்கிறேன், ஸ்பிரிட் போட்டும் போகவில்லை. கம்ப்யூட்டரில்தான் போக்க வேண்டும்.

100 எம்எம் லென்ஸ், ஒளி நுழையும் துளை எஃப் 11. அதை இன்னும் மூடினால் முன்னும் பின்னும் தெளிவாக விழும் ஆழம் கிடைக்கும், ஆனால் ஒளி சிதறிக் கூர்மை மழுங்கும். அதனால் விளிம்பிலிருந்து அடிவரை ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்துப் பிறகு ஒன்றாக அடுக்குவது. குடத்துக்கு வழி கிடைத்தபின் டப்பாக்கள், தட்டுகள், தாளிப்புக் கரண்டி எல்லாம் மளமளவென்று முடிந்தன.

கடைசியாக "தீபாவளி ஃபீல்" கேட்டார்கள். பின்னால் சீரியல் பல்ப் மாலை, முன்னால் சாமந்தி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவு எல்இடி பல்புகள் நொடிக்கு நூறு முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை ஐம்பதில் ஒரு நொடிக்கு வைத்தால் பிழைத்தோம். ஜூலை மழையில், சிமென்ட் ஷீட்டுக்குக் கீழே, தீபாவளி வந்துவிட்டது.

ஷிஃப்ட் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது கம்பெனிக்காரர் "இன்னும் ஒரே ஒரு பாத்திரம்" என்று ஆரம்பித்தார். இந்த ஸ்டுடியோவில் நேரம் தாண்டினால் அரை ஷிஃப்ட் வாடகை. அதை யார் தருவார்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே பாத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

சாயங்காலம் ஸ்டுடியோ வாடகை, பேக்ட்ராப் வாடகை, டெம்போ, லைட் தம்பியின் கூலி எல்லாம் என் போனிலிருந்து போயின. ஏஜென்சி எனக்கு 45 நாளில் கொடுக்கும். நான் தம்பிக்கு 45 நிமிடம் தாமதித்தால் அடுத்த முறை வரமாட்டான், வரவும் கூடாது. எங்கள் தொழிலில் பாதி கேமரா, பாதி வட்டிக்கடை. வட்டி மட்டும் வராது. புதிதாக வருகிறவர்கள் எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். மூன்று மாதச் செலவுக்கான பணத்தை முதலில் வங்கியில் போடுங்கள், லென்ஸை வாடகைக்கு எடுங்கள் என்றுதான் நான் சொல்வது.

புதன், கோட்டை

நேற்று டெதர் கேபிள் அடிக்கடி துண்டித்துக்கொண்டது. கேமராவிலிருந்து லேப்டாப்புக்குப் படம் போகும் அந்த ஆரஞ்சு வயர். தாராவி வேலைக்கு முன் மாற்றியாக வேண்டும் என்று சிஎஸ்எம்டி ரயில் நிலையம் (பழைய விடி) போய், எதிரே போரா பஜார் சந்துகளில் நுழைந்தேன். பம்பாயின் பழைய கேமரா சந்தை இது. இரண்டாள் அகலக் கடைக்குள் லென்ஸ், ஃபிளாஷ், பேட்டரி கூரை வரை அடுக்கியிருக்கிறது. கேபிளை அங்கேயே மாட்டி, பத்துப் படம் எடுத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை.

அப்புறம் மங்கள்தாஸ் மார்க்கெட்டில் பின்னணிக்கு இரண்டு துணி. சாம்பல் லினன், கறுப்பு வெல்வெட். கறுப்புப் பையைக் கறுப்புத் துணியில் வைத்து எடுக்க எனக்கு நெடுநாள் ஆசை.

சிஎஸ்எம்டி கட்டடத்தை மழையில் ஒரு படம் எடுத்தேன், கையில் பிடித்து. முக்காலியை விரித்தால் யாராவது வந்துவிடுவார்கள். வந்து கேட்பதிலும் தப்பில்லை, ரயில்வே இடத்தில் விளம்பரத்துக்கு எடுக்க முன்அனுமதியும் கட்டணமும் உண்டு.

வியாழன், தாராவி

சயான் ஸ்டேஷனில் இறங்கி, 90 அடி ரோட்டில் நடந்தால் ஊர் திரும்பிவிட்ட உணர்வு. கடைப்பலகையில் தமிழ், டீக்கடைப் பேச்சில் நெல்லை. தோல் தொழிலுக்காகத் திருநெல்வேலி முஸ்லிம்கள் இங்கே வந்து நூற்றாண்டுக்கு மேலாகிறது. இங்குள்ள படா மசூதி 1887இல் தொடங்கியது என்கிறார்கள். பதனிடும் வேலை பெரும்பாலும் வெளியே போய்விட்டது. இப்போது பதப்படுத்திய தோல் சென்னையிலிருந்தும் கான்பூரிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் வருகிறது, இங்கே வெட்டித் தைக்கிறார்கள்.

தோல் பை செய்யும் பாயின் பட்டறை மாடியில். மாடி என்றால் செங்குத்தான இரும்பு ஏணி. லைட்டுகளைக் கயிறு கட்டி ஏற்றினோம். அறை முழுக்கத் தோலும் பசையும் கலந்த வாசனை, மூன்று தையல் மெஷின். பாய் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பைய வாங்கிட்டு, கலரு வேறன்னு திருப்பி அனுப்புதாவ தம்பி. போற கூலியும் வார கூலியும் எந்தலையில. எங்க பையில என்ன கொறைன்னு நீங்க சொல்லுங்க."

பையில் குறையே இல்லை. அவர் மகன் போனில் எடுத்த படங்களைப் பார்த்தேன். அறையில் ஒரு பழைய டியூப்லைட், அதில் பச்சைச் சாயல். மெஷின் மேல் மஞ்சள் எல்இடி. ஜன்னலுக்கு வெளியே நீலத் தார்ப்பாய், அதன் வழியாக வரும் வெளிச்சம் நீலம். மூன்றையும் கலந்து போன் தானே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறது. டான் எனப்படும் வெளிர்பழுப்பு நிறப் பை ஒரு படத்தில் செங்கல், இன்னொன்றில் கடுகு. வாங்குகிறவர் மேல் தப்பில்லை.

தார்ப்பாய்ப் பக்கம் கறுப்புத் துணி கட்டி, எல்லா விளக்கையும் அணைத்து, என் ஸ்ட்ரோப் மட்டும். ஒவ்வொரு நிறத் தோலுக்கும் முதல் படத்தில் 24 கட்டம் உள்ள கலர் அட்டையைப் பையின் பக்கத்தில் வைத்து எடுத்தேன். அந்தக் கட்டங்களின் நிறம் இன்னதென்று ஏற்கெனவே தெரியும், அதை வைத்து மற்றதைச் சரிசெய்வது. பத்து நிமிடத்தில் பாய் பையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார். "இதான் நம்ம பை" என்றார். வாங்குபவரின் போன் திரை எப்படி இருக்குமோ அது நம் கையில் இல்லை என்பதையும் சொல்லி வைத்தேன்.

பைக்குள் பழைய தமிழ்ப் பேப்பரைத் திணித்தால் வடிவம் நிற்கும். ஆனால் மை உள்துணியில் ஒட்டும், அதனால் பட்டர் பேப்பரில் சுற்றித் திணிக்க வேண்டும். கைப்பிடி தானாக நிற்காது. மேலே கம்பியிலிருந்து மீன்பிடி நரம்பில் தொங்கவிட்டு, பிறகு நரம்பை அழித்துவிடலாம். லைட்டைத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடித்தபோது தோலின் ரேகைகள் எழும்பி வந்தன. இங்கே ஒரு வாக்குவாதம். பாயின் மகன் "அந்தக் கோடெல்லாம் எடுத்துடுங்கண்ணே, வழுவழுன்னு வேணும்" என்றான். வழுவழுவென்று ஆக்கினால் ரெக்சின் என்று நினைப்பார்கள். அந்தக் கோடுதான் அசல் தோலுக்கு அத்தாட்சி. பாய் என் கட்சி. அப்பாவும் மகனும் கொஞ்ச நேரம் அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள், நான் டீ குடித்தேன்.

அமேசானில் முதல் படத்துக்கு விதி உண்டு. பின்னணி தூய வெள்ளை, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்று நிற எண்ணும் 255. பொருள் படத்தின் பரப்பில் 85 சதவீதம் நிறைய வேண்டும். பெரிதாக்கிப் பார்க்க நீளப்பக்கம் 1000 பிக்ஸலாவது வேண்டும். இந்தப் படங்களை மெஷின் வேகத்தில் எடுத்துத் தள்ளினேன். கறுப்பு வெல்வெட்டில் கறுப்புப் பையை எடுத்தது மட்டும் எனக்காக. பின்னால் ஒரு சின்ன ஒளி, ஓரத்தில் ஒரு கோடு. இருட்டிலிருந்து பை வந்தது. பாய் அதைப் பார்த்துவிட்டு, "இதுல பை எங்க தம்பி இருக்கு?" என்றார்.

விலை ஒரு பைக்கு இவ்வளவு என்ற கணக்கு. பாதிக்குப் பணம், பாதிக்குப் பை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். என் வீட்டு வாடகையைப் பையாகக் கொடுக்க முடியாது பாய் என்றேன். சிரித்துவிட்டு முன்பணத்தை உடனே போட்டுவிட்டார். ஒப்பந்தம் ஒரே பக்கம், தமிழில் எழுதினோம்.

வெள்ளி, தாராவி, மாட்டுங்கா

விடியுமுன்னே லைட் தம்பி என்னை அவன் தெருவுக்குக் கூட்டிப்போனான். சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு பம்பாய் முழுக்க இட்லி விற்கிறவர்கள் பலர் இங்கிருந்துதான் கிளம்புகிறார்கள், பெரும்பாலும் நம் ஆட்கள். சம்பளமில்லாத வேலை இது, என் போர்ட்ஃபோலியோவுக்கு. அடுத்த கமர்ஷியல் வேலை பெரும்பாலும் இப்படி எடுத்த படத்தைப் பார்த்துத்தான் வருகிறது.

ஆவி பறக்கும் கொப்பரைக்கு முன்னால் நின்ற அக்காவிடம், இதை நாளைக்கு யாராவது விளம்பரத்துக்குக் கேட்டால் கொடுக்கலாமா, அதற்கு உங்கள் கையெழுத்து வேண்டும், காசில் பங்கு தருகிறேன் என்றேன். "எம்மூஞ்சி எதுக்கு? இட்லிய எடு" என்றார். கையையும் இட்லியையும் ஆவியையும் எடுத்தேன். ஸ்டுடியோவில் ஆவிக்கு ஊதுபத்தி கொளுத்தும் எனக்கு இங்கே ஆவியை விலக்குவதுதான் வேலையாக இருந்தது.

மிச்ச வேலையைப் பாய் பட்டறையில் மதியத்துக்குள் முடித்துவிட்டு மாட்டுங்கா. சயானுக்குத் தெற்கே ஆட்டோ வராது, டாக்சிதான். 1940லிருந்து நடக்கும் கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் எழுதிக் காத்திருந்து, ரசவடை. உணவு போட்டோ எடுப்பவர்கள் ஹோட்டலில் சூடாகச் சாப்பிடுவதில்லை என்பார்கள். என் துறை பாத்திரம், அதனால் வந்ததும் சாப்பிட்டேன்.

சனி, ரயிலில்

குர்லாவில் ஏறியதும் இன்வாய்ஸ் வேலை. சேவைத் தொழிலில் ஆண்டு வருவாய் 20 லட்சம் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, வெளிமாநில வேலைக்கும் அப்படித்தான். பதிவு இருந்தால் போட்டோகிராபிக்கு 18 சதவீதம். ஏஜென்சி டிடிஎஸ், அதாவது முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி, பத்து சதவீதம் பிடிப்பார்கள், அது கணக்குத் தாக்கல் செய்யும்போது கழியும். உத்யம் எண், தேதி, 45 நாள் என்ற வரி எல்லாவற்றையும் போட்டு அனுப்பினேன்.

பாயின் மீதிப் பணம் கல்யாண் வருவதற்குள் வந்துவிட்டது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: மகன் அந்தக் கறுப்புப் படத்தைத்தான் இன்ஸ்டாகிராமில் முதலில் போட்டிருக்கிறானாம், அதற்கென்ன இவ்வளவு லைக் என்று அவருக்கு விளங்கவில்லை.

ஏஜென்சிப் பெண்ணும் கூப்பிட்டார். குடம் படம் கம்பெனிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, தாணே நகர ரோட்டில் ஒரு ஹோர்டிங் வைக்கலாமா என்று கேட்கிறார்கள், "அதே ரேட்லயே முடிச்சிடலாமா சார்?" என்றார். எத்தனை ஹோர்டிங், எத்தனை வாரம், எந்தெந்த ஊர் என்று மெயிலில் எழுதுங்கள், விலை சொல்கிறேன் என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். ரயில் இப்போது மலை ஏறுகிறது, சிக்னல் இல்லை. புனேயில் பார்க்கலாம்.